பாசிக்குடா வெக்கையில் போர்ட் வைன்: விடுதிப் பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ கடற்கரை விடுதியொன்றின் பரிமாறும் பகுதியில் புதிதாகச் சேரும் ஒருவர், முதல் கிழமையிலேயே பியரையும் தென்னஞ்சாராயத்தையும் கையாளப் பழகிவிடுவார். அவை நம்முடைய பிழைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மதுச்சாலையின் ஓர் ஓரத்தில், இராச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்போடு சிறிதளவு அருந்துவதற்கென்று நிற்கும் இரண்டு மூன்று கரும்போத்தல்கள் அப்படிப் பொறுத்துக்கொள்வதில்லை. போர்ட் வைன், அல்லது போர்ட் முறையில் வேறு நாடுகளில் செய்யப்பட்ட செறிவூட்டிய இனிப்பு வைன் என்று அறியப்படும் இவற்றை மாதத்துக்கு நாலைந்து விருந்தினரே கேட்பார்கள். கேட்பவர்களோ பெரும்பாலும் விடயம் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

இவற்றைப் பற்றி மனப்பாடம் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையில் இருக்கும் போத்தல் மரப்பீப்பாயில் முதிர்ந்ததா, கண்ணாடிப் போத்தலுக்குள்ளே முதிர்வதா என்ற ஒரேயொரு கேள்விக்கு விடை தெரிந்தால், அதை எங்கே வைப்பது, எப்படித் திறப்பது, திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பவை எல்லாம் அந்த விடையிலிருந்தே வந்துவிடும்.

முதலில், போத்தலுக்குள் இருப்பது என்ன என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

நம் ஊரில் கள்ளுச் சீவுபவர் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் நொதிப்பு தடைப்பட்டுக் கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும். போர்ட் வைனிலும் நொதிப்பைத் தடுப்பதே கதை. ஆனால் அங்கே நொதிப்பைத் தொடக்கத்தில் தடுக்காமல், பாதி வழியில் நிறுத்துகிறார்கள். நிறுத்துவதற்குச் சுண்ணாம்பை அல்ல, முந்திரிகைப் பழத்திலிருந்தே (திராட்சை) வடித்த கடும் மதுசாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

போர்த்துக்கலின் வடபகுதியில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இது நடக்கும் முறையைச் சொன்னால் ஏனைய நாடுகளின் முறையும் விளங்கும். பழங்களை அகன்ற கற்தொட்டியில் இட்டு, சில இடங்களில் இன்றைக்கும் காலால் மிதித்து, தோலிலிருந்து நிறத்தையும் துவர்ப்பையும் விரைவாக வெளியேற்றுகிறார்கள். விரைவு ஏன் தேவை என்றால், சாதாரணச் சிவப்பு வைனுக்கு ஒரு கிழமைக்கு மேலும் தோலோடு ஊற நேரம் கிடைக்கும். இதற்கோ இரண்டு மூன்று நாள்தான். சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாக மாறிய தறுவாயில் சாற்றை வடித்தெடுத்து, 77 வீத மதுசாரத்தை ஊற்றுகிறார்கள். வழமையான கணக்கு 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் மதுசாரம்; சேர்ந்தால் 550 லீற்றர், அதாவது ஒரு பெரிய பீப்பாய். அந்தக் கடுமையில், நொதிக்க வைக்கும் மதுவம் (ஈஸ்ட்) செத்துவிடும். எஞ்சிய சர்க்கரை அப்படியே நின்றுவிடும். ஆகவேதான் போத்தலில் 19 முதல் 22 வீதம் வரை மதுசாரமும், லீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரையும் ஒன்றாக இருக்கின்றன. சாதாரண வைன் 12, 13 வீதம். நம் தென்னஞ்சாராயம் மூன்றிலொரு பங்கு. இது வைனா சாராயமா என்று விருந்தினர் கேட்டால், இரண்டுக்கும் இடையில் நிற்கும் வைன் என்று சொல்வது பிழையாகாது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்வது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம்; மதுசாரம் வடித்தால் அதற்குப் பெயர் கசிப்பு, போர்ட் அல்ல.

மட்டக்களப்பு விடுதிகளில் இன்னொரு கேள்வியும் வரும். கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர்தானே, அவர்கள் இதைக் குடித்திருப்பார்களா என்று ஐரோப்பிய விருந்தினர் கேட்பார்கள். கோட்டை 1628இல் கட்டப்பட்டது. 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. போர்ட் என்ற பெயரில் வைன் கப்பலேறியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். டோரோப் பகுதியின் எல்லைகளைப் போர்த்துக்கேய அரசு வரையறுத்தது 1756இல். பாதியில் நொதிப்பை நிறுத்தும் வழக்கம் பரவலாக நிலைபெற்றது அதற்கும் பிந்தி. ஆகவே குடித்திருக்க வாய்ப்பில்லை. நம் ஊர்ப் பறங்கியர் சிலரின் வீட்டில் இன்றைக்கும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், விருந்தினர் வைனை மறந்துவிட்டு அந்தக் கதையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, லேபலை வாசியுங்கள்

போர்ட் என்ற பெயர் டோரோவுக்கே உரியது என்பது ஐரோப்பாவின் நிலைப்பாடு. அதனால் மற்ற நாடுகளில் அதே முறையில் செய்பவர்கள் வெவ்வேறு பெயர்களைத் தேடிக்கொண்டார்கள். தென்னாபிரிக்கப் போத்தலில் கேப் ரூபி, கேப் வின்டேஜ் என்று இருக்கும். அவுஸ்திரேலியாவில் டோனி, வின்டேஜ் என்ற சொற்கள் மட்டும் தனித்து நிற்கும். அமெரிக்காவில் பழைய லேபல்களுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவின் மடேரா என்ற நகரத்தில் 1946இல் ஃபிக்ளின் குடும்பம் தொடங்கிய சிறு ஆலை, போர்த்துக்கேயப் பழ இனங்களையே நட்டு, போர்ட் முறை வைனையே தன் முழுத் தொழிலாக்கிக்கொண்டது. அதே ஊரிலுள்ள குவேடி என்ற இனிப்பு வைன் ஆலை, தன் தயாரிப்புக்கு ஸ்டார்போர்ட் என்று பெயரிட்டது. கப்பலின் இடப்புறம் ஆங்கிலத்தில் போர்ட், வலப்புறம் ஸ்டார்போர்ட் என்பதைத் தெரிந்தவருக்கு அந்தக் குறும்பு விளங்கும்.

சிறு குடும்ப ஆலையின் போத்தல் கைக்கு வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். பெரிய நிறுவனங்களின் லேபல்கள் ஒரே ஒழுங்கில் இருக்கும். சிறு ஆலைக்காரர் தங்கள் விருப்பப்படி பெயர் வைப்பார்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முக்கியமானதை எழுதுவார்கள். எந்த ஆண்டு அறுவடை, எத்தனை ஆண்டு பீப்பாயில் இருந்தது, எப்போது போத்தலில் அடைத்தார்கள் ஆகிய மூன்றையும் அதில் தேடுங்கள். ஆண்டே இல்லாவிட்டால், பல ஆண்டுகளின் வைனைக் கலந்தது என்று கொள்ளலாம். ஃபிக்ளின் ஆலையில் பழைய பீப்பாயிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதியதை அதில் ஊற்றிக்கொண்டே வரும் சொலேரா முறை உண்டு. தயிருக்கு முந்திய நாள் தயிரை உறை ஊற்றுவதைப் போல, பழையது புதியதற்குள் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ரூபி என்பது இளமையானது. நிறம் மாணிக்கச் சிவப்பு, சுவை பழச்சாற்றுக்கு அண்மையில். டோனி என்பது பீப்பாயில் நீண்ட காலம் கிடந்து, மரத்தின் நுண்துளைகள் வழியே காற்றுப்பட்டுப் பட்டு, செம்மண் நிறத்துக்கு வந்தது. வறுத்த கொட்டை, கருகிய சீனி, உலர்ந்த பழம் ஆகியவற்றின் மணம் வரும். போர்த்துக்கேய டோனி லேபலில் 10, 20, 30, 40 என்று காணும் எண்கள் கலவையின் முதிர்ச்சியைச் சுட்டுபவை. அறுவடை ஆண்டு அல்ல. ஒரே ஆண்டு அறுவடையிலிருந்து எடுத்து ஏழு ஆண்டுக்குக் குறையாமல் மரத்தில் வைத்தால் அது கொலியேட்டா. வின்டேஜ் இதற்கு நேர்மாறானது. சிறந்த ஆண்டின் வைனை இரண்டு மூன்று ஆண்டுக்குள் போத்தலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச முதிர்ச்சி முழுவதும் கண்ணாடிக்குள்ளே, காற்றில்லாமல், பல பத்தாண்டுகள் நடக்கும், அடியில் மண்டியும் படியும். எல்.பி.வி. (லேட் பொட்டில்ட் வின்டேஜ், அதாவது பிந்திப் போத்தலில் அடைத்த வின்டேஜ்) என்று எழுதியிருந்தால் நாலு முதல் ஆறு ஆண்டு வரை பீப்பாயில் இருந்து, பிறகு போத்தலில் அடைத்தது. அதில் வடிகட்டியது, வடிகட்டாதது என இரண்டும் உண்டு.

எழுத்து விளங்காவிட்டால் மூடியைப் பாருங்கள். கையால் திருகி இழுக்கக்கூடிய, தலையில் பிளாஸ்டிக் குமிழ் வைத்த குட்டைத் தக்கை இருந்தால் அது பெரும்பாலும் மரத்தில் முதிர்ந்த வகை, அல்லது வடிகட்டிய எல்.பி.வி.; திறந்தவுடன் பரிமாறலாம். நீளத் தக்கை முழுவதும் கழுத்துக்குள் இறங்கியிருந்தால் அது போத்தலில் முதிர்வதற்கென்று அடைத்தது. மண்டி இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடுங்கள்.

வைக்கும் இடம்

டோரோப் பள்ளத்தாக்கு கோடையில் கடும் வெக்கையான இடம். அங்கே வைன் செய்தவர்களே அதை அங்கே வைத்திருக்க விரும்பாமல், குளிர்காலம் கழிந்ததும் படகில் ஏற்றி, ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, கடற்காற்றுக் குளிரான வில நோவா டி கையாவின் களஞ்சியங்களுக்கு அனுப்பினார்கள். மேலேயே தங்கிய வைனில் வெந்த மணம் ஏறிவிடும் என்பது அவர்களுடைய அனுபவம். அவர்களே வெக்கைக்குப் பயந்தார்கள் என்றால், ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும் நம் கரையில் நாம் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விடுதிகளில் ஆட்கள் நிறைவதும் அதே மாதங்களில்தான்.

நான் முதலில் வேலை செய்த விடுதியில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு டோனிப் போத்தல்களை மதுச்சாலையின் மேல்தட்டில், மஞ்சள் விளக்குக்குக் கீழே நானே அடுக்கினேன். அந்தத் தட்டுக்குப் பின்னால் குளிர்சாதனப்பெட்டியின் சூடு வெளியேறிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆவணி பிறந்த ஒரு காலையில் சுவரில் எறும்பு வரிசை ஒன்று மேலே ஏறுவதைக் கண்டு பின்தொடர்ந்து பார்த்தேன். ஒரு போத்தலின் தக்கை அரை விரலளவு மேலெழும்பி, கழுத்தில் பாணிபோல ஒரு கோடு வடிந்து காய்ந்திருந்தது. எறும்புகள் அதைச் சுற்றி மொய்த்திருந்தன. ஊற்றிப் பார்த்தால் நிறம் இருந்தது, மணம் இல்லை. கொதித்து ஆறிய சீனித்தண்ணீரின் சுவை.

வைனுக்கென்றே உள்ள சிறு குளிர்ப்பெட்டி இருந்தால் 12 முதல் 16 பாகை செல்சியசுக்குள் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டடத்தின் மிகத் தாழ்ந்த, இருண்ட, வெளிச்சுவர் வெயில் படாத அறையைத் தேருங்கள். சமையலறைக்கும் மின்பிறப்பாக்கிக்கும் அருகில் வேண்டாம். நீளத் தக்கைப் போத்தலைப் படுக்க வைக்க வேண்டும், தக்கை உலராமல் இருப்பதற்காக. குமிழ்த் தக்கைப் போத்தலை நிறுத்தி வைக்க வேண்டும், ஒழுகாமல் இருப்பதற்காக. சாதாரணக் குளிர்சாதனப்பெட்டி மட்டுமே இருந்தால், திறக்காத டோனியையும் ரூபியையும் அதில் வைப்பது வெக்கையில் விடுவதைவிட எவ்வளவோ மேல். மாரியில், கார்த்திகை மார்கழி அடைமழையில், ஈரத்தால் லேபல் பூஞ்சணம் பிடித்து உரிந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுங்கள். லேபல் இல்லாத வின்டேஜைக் காசு கொடுத்து வாங்க எவரும் வரமாட்டார்.

முதலாளி எந்தச் செறிவூட்டிய வைனை வாங்கலாம் என்று உங்களிடம் கேட்டால், என் அபிப்பிராயம் இது: குளிர்ப்பெட்டி இல்லாத விடுதிக்கு வின்டேஜ் வேண்டாம். டோனி வாங்குங்கள்; அல்லது மடெய்ராத் தீவின் வைனை வாங்குங்கள். அந்தத் தீவில் வைனை வேண்டுமென்றே சூடாக்கியே முதிரவைக்கிறார்கள். செய்யும்போதே வெக்கையைக் கண்டுவிட்டதால் அது நம் காலநிலைக்கு அவ்வளவாக அஞ்சாது. மேலே சொன்ன கலிபோர்னிய ஊரின் பெயர் இதை ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திறப்பதும் வடிப்பதும்

டோனியிலும் ரூபியிலும் இந்தப் பகுதிக்கு வேலையே இல்லை. தக்கையை இழுத்து ஊற்றினால் முடிந்தது. வின்டேஜுக்கும் வடிகட்டாத எல்.பி.வி.க்கும் மாத்திரம் பொறுமை வேண்டும். விருந்தினர் முதல் நாளே சொல்லிவைக்கும்படி உணவுப்பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது; போத்தலை 24 மணி நேரமாவது நிமிர்த்தி வைத்தால்தான் மண்டி அடிக்கு இறங்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மின்வெட்டு இரவில். பெரியகல்லாற்றிலிருந்து வந்த மூத்த அண்ணன் ஒருவர் அப்போது எங்கள் மேற்பார்வையாளர். போத்தலின் கழுத்துத் தகட்டை முழுவதுமாகச் சீவி எடுத்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்து, திருகாணியைத் தக்கையின் நடுவில் நேராக இறக்கினார். பாதி வெளியே வந்ததும் இழுப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு விரலால் தக்கையைப் பிடித்து மெல்ல அசைத்தெடுத்தார். பழைய தக்கை பாண் துண்டுபோல உதிரும் என்பதால் கடைசி அரை அங்குலத்தைத் திருகாணியிடம் விடக்கூடாது என்றார். பிறகு கைபேசி விளக்கை மேசையில் மேல்நோக்கி வைத்து, போத்தலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு மேலே வருமாறு சரித்து, நூல்போல ஒரே ஒழுக்காக டிக்கன்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றத் தொடங்கினார். நான் உதவி செய்யும் எண்ணத்தில் போத்தலின் அடியைத் தூக்கப் போனேன். “தொடாத மனே. மண்டி நித்திரை கொள்ளுது, எழுப்பிப்போடாத,” என்றார். முக்கால்வாசி தாண்டியபின் தெளிந்த சிவப்புக்குள் புகைபோல ஒரு கருங்கோடு கழுத்தை நோக்கி வந்தது. அந்தக் கணத்தில் கையை நிமிர்த்திவிட்டார். போத்தலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மிச்சம். அதை விருந்தினருக்குக் கொடுப்பதில்லை.

இடையில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் வைன் பின்னோக்கி அலைந்து மண்டி கலங்கிவிடும்; ஆகவே ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். தக்கை உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் பதற வேண்டாம். தேங்காய்ப்பால் பிழியும் துணியைப் போன்ற மெல்லிய பருத்தித் துணியைப் புனலில் விரித்து வடித்தால் போதும். துணி புதியதாக, சவர்க்கார வாசம் இல்லாமல் வெந்நீரில் அலசியதாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் பிழிந்த பழைய துணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஊற்றும் அளவும் குளிரும்

ஒருவருக்கு 60 மில்லிலீற்றர் போதுமானது. ஆக 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் ஏறக்குறைய 12 பேருக்கு ஊற்றலாம். நடுவில் அகன்று வாயில் ஒடுங்கும் சிறு கிண்ணம் பொருத்தமானது. பாதிக்கு மேல் நிரப்பினால் மணம் தங்க இடமிருக்காது. வெள்ளைப் போர்ட்டை நன்கு குளிர வைத்தும், டோனியை 12 முதல் 16 பாகையிலும், ரூபியையும் வின்டேஜையும் 16 முதல் 18 பாகையிலும் கொடுக்க வேண்டும். “அறை வெப்பநிலையில் பரிமாறவும்” என்று லேபலில் இருந்தால் அது ஐரோப்பிய அறை. நம் அறை 30 பாகை. அந்த வெப்பத்தில் மதுசாரம் மூக்கில் அடிக்கும், இனிப்புத் திகட்டும். ஊற்றுவதற்கு முன் 20 நிமிடம் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தெடுங்கள். 60 மில்லிலீற்றரில் ஒன்றரைத் தேக்கரண்டி அளவு சீனி இருக்கிறது என்பதைச் சீனி வருத்தம் உள்ள விருந்தினர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதனோடு கொடுப்பது

நூல்களில் நீலப் பூஞ்சணப் பாற்கட்டியும் சொக்லட்டும் சொல்லப்பட்டிருக்கும். அவை கிடைத்தால் கொடுக்கலாம்; ரூபிக்கும் எல்.பி.வி.க்கும் கருஞ்சொக்லட் நன்றாகவே பொருந்தும். ஆனால் டோனியோடு நான் கண்ட மிகச் சிறந்த சோடி வட்டிலப்பம்தான். கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து அவிந்த வாசமும், பீப்பாயில் கருகிய சீனி வாசமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வறுத்த கஜுவும், ஏன், வறுத்த கச்சான்கொட்டையும்கூடப் பொருந்தும். காற்றுக் கச்சான் வைனைக் கெடுக்கும். கொட்டைக் கச்சான் அதற்குத் துணை நிற்கும்.

எருமைத் தயிரும் பாணியும் நம் பெருமை என்பதால் அதனோடு சேர்த்துக் கொடுக்கச் சிலர் ஆசைப்படுவார்கள், வேண்டாம். தயிரின் புளிப்பு வைனை வெறும் சீனித்தண்ணீராகக் காட்டிவிடும். வாவி நண்டுக் கறியோடும் வேண்டாம். மதுசாரம் உறைப்பை எரிச்சலாக்கும்.

சட்டமும் மரியாதையும்

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. இனிப்பு வைன்தானே என்று விலக்கில்லை. வெளிநாட்டு விருந்தினர் தங்கள் நாட்டில் 18 வயது போதும் என்று வாதிடுவார்கள். கடவுச்சீட்டைப் பணிவாகக் கேளுங்கள். போயா (பௌர்ணமி) தினங்களில் மது விற்பனை இல்லை என்பதை முதல் நாளே விருந்தினரிடம் சொல்லிவிட்டால் இரவில் மனக்கசப்பு வராது.

நம் பகுதி விடுதிகளில் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகள் பலர் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் மதுப் போத்தலைத் தொடமாட்டேன் என்றால் அது வேலைக்கள்ளம் அல்ல. அந்த மேசையை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் மேசையொன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திறந்தபின்

ஒவ்வொரு போத்தலையும் திறந்தவுடன் கழுத்தில் ஒட்டுநாடா சுற்றித் திகதி எழுதுங்கள். வின்டேஜ் இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். காற்றையே காணாமல் வளர்ந்தது என்பதால் காற்றுப்பட்டதும் விரைவில் தளர்ந்துவிடும். எல்.பி.வி. நாலைந்து நாள், ரூபி ஒரு கிழமையும் சற்று மேலும், பீப்பாயிலேயே காற்றுக்குப் பழகிய டோனி, குளிர்சாதனப்பெட்டியில் சில கிழமை வரை நிற்கும். நாள் கடந்ததைக் கோப்பை விலைக்கு விற்காமல் சமையலறைக்கு அனுப்புங்கள். இறைச்சிக் குழம்பில் சுண்டவைக்கலாம், உலர்ந்த முந்திரிகையை ஊறவைத்துக் கேக்குக்குச் சேர்க்கலாம். அனுப்பும்போது போத்தலை வெறுங்கையாக நீட்டிவிட்டு வராதீர்கள். எந்த உணவில் சேர்க்கிறார்கள் என்று கேட்டு, அன்றைய உணவுப்பட்டியலில் அந்த உணவுக்கு நேரே மது சேர்ந்தது என்று எழுதிவிட்டு, மேசை எடுக்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் வாயாலும் சொல்லிவிடுங்கள்.